வாசலில் வந்த வண்டல்

இமயமலைச் சாரலில் மணாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே மணலி என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுத்திலே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். பூமியிலே பார்த்தாலோ, அந்தத் துணைக்கால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது!

மணாலியில் குளிர்காலம் வந்தால் வானத்திலிருந்து பனி உதிர்ந்து வாசலை மூடுகிறது. அதற்கு மேலே, சுமார் 13,000 அடி உயரத்திலுள்ள ரோதங் கணவாயில் குன்று குன்றாகக் குவியும் பனியை, எல்லைச் சாலை ஸ்தாபனத்தார் வருஷந்தோறும் ராட்சத யந்திரங்களைக் கொண்டு வெட்டி வழி திறக்கிறார்கள். அப்படியும் மாதக் கணக்கில் பாதை அடைபட்டுப் போவதால், 2020-ம் ஆண்டில் மலையையே குடைந்து 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் திறந்தார்கள். நம்முடைய மணலியிலோ பனி என்பது மார்கழி மாதத்துக் காலை நேரத்தில் மூக்கைச் சிவக்கச் செய்வதோடு சரி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இங்கே வாசலை மூடுவது சேறும் வண்டலும்.

பனியை வாரித் தள்ளுவதற்கு எந்தக் கருவி உசிதம், அதை எப்படிப் பிடிக்க வேண்டும், முதுகை எப்படி வளைக்க வேண்டும் என்றெல்லாம் மேல்நாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சேற்றை வாருவதைப் பற்றி நம்மவர் அவ்வளவு சிரத்தையாக எழுதி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் 2015-ம் வருஷத்து டிசம்பரையும் 2023-ம் வருஷத்து டிசம்பரையும் பார்த்த பிறகு, வடசென்னையில் இதைவிட அவசரமான குடும்ப விஷயம் வேறு என்ன இருக்கிறது? ஆகவே, நேயர்களே, இதை விசாரிப்பதற்கென்றே ஒரு சனிக்கிழமை காலையில் ராயபுரத்திலிருந்து புழலுக்குப் புறப்பட்டேன்.

வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, மூலக்கடை, மாதவரம் ரவுண்டாணா என்று பெரிய வடக்கு ரஸ்தாவில் பஸ் போகிறது. "புழலுக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். மத்தியச் சிறைச்சாலை பட்டணத்தின் நடுவிலிருந்து புழலுக்குப் போனது முதல் அந்த ஊருக்கு ஏற்பட்ட கீர்த்தி அது. "பந்துக்கள் யாராவது உள்ளே இருக்கிறார்களா?" என்று அவர் வாய்விட்டுக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

உண்மையில் புழல் பழம்பெருமை வாய்ந்த ஊர். தொண்டைமண்டலத்து இருபத்து நான்கு கோட்டங்களில் புழற்கோட்டம் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் புழற்கோட்டம் என்று அதன் பெயர் காண்கிறது. குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டார்கள் என்றும், அவர்களைத் தொண்டைமான் வென்று, கோட்டையிலிருந்த எருக்கந் தூண்களைப் பெயர்த்துக்கொண்டு போய்த் திருமுல்லைவாயில் கோயிலில் நாட்டினான் என்றும் ஐதிகம். பிற்காலத்துப் பெருமையும் குறைவில்லை. பக்கத்துச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிச் செல்வதற்காக 1837-ம் ஆண்டில் ஓர் இருப்புப்பாதை போட்டார்கள். இந்தியாவிலேயே முதன்முதல் போட்ட தண்டவாளம் அதுதான் என்கிறார்கள். 1872 முதல் பட்டணத்து ஜனங்கள் குடிப்பதும் இந்த ஏரித் தண்ணீரைத்தான்.

ஏரிக் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. நிறைந்த காலத்தில் 21 அடிக்குச் சற்று மேல் ஆழம்; 330 கோடி கன அடித் தண்ணீர். 2019-ம் வருஷக் கோடையில் இதே ஏரி வறண்டு, தரை வெடித்து, அதன் படங்கள் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயின. அடுத்தடுத்த வருஷங்களில் அதுவே ததும்பி வழிந்தது. வழியும் நீர் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட் லைன், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் என்று சுமார் 13 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேர வேண்டும். சேர வேண்டும் என்றுதான் திட்டம். கடல் பொங்கியிருந்தாலும், கால்வாயில் குப்பை அடைத்திருந்தாலும், இரு கரையிலும் உள்ள தெருக்கள் அந்தத் தண்ணீருக்குச் சத்திரமாகி விடுகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பட்டணத்தின் அருகே கடலில் மெள்ள ஊர்ந்து, 5-ந் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. அதற்குள் சென்னையில் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி விட்டது. அந்த மழையில் முழங்காலளவு தண்ணீர் நின்ற தெரு ஒன்றில்தான் என் நண்பரின் வீடு இருக்கிறது. அவரும் என்னைப்போல் உபாத்தியாயர், கணக்கு வாத்தியார். வயது முதிர்ந்த தாயாரும், மனைவியும், இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பம்.

வாசலிலேயே எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குள் போக நான் படி ஏறவில்லை, இறங்கினேன்!

"வீடு கட்டியபோது ரஸ்தாவைவிட இரண்டடி உயரம், ஸார்" என்றார் நண்பர். "வீடு அப்படியேதான் இருக்கிறது. ரஸ்தாதான் வளர்ந்துவிட்டது."

பழைய தார்ச் சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனால், வீடுகளெல்லாம் குளங்களாகாமல் என்ன செய்யும்? சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-ம் ஆண்டில் அரசாங்கம் உத்தரவிட்டது. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கென்று ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மழைநீர் வடிகால்களும் கட்டி வருகிறார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் ஏற்கனவே வளர்ந்துவிட்ட ரஸ்தாவை யாரும் குட்டையாக்கப் போவதில்லையாகையால், வாசலில் வந்ததை வாசலில் இருப்பவர்கள்தான் தள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தள்ள வேண்டும்? நண்பர் காகிதத்தை எடுத்தார். முன்வாசலும் வண்டி நிறுத்தும் இடமும் பக்கச் சந்தும் சேர்ந்து 600 சதுர அடி. அதில் ஓரடித் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 17,000 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியால் இறைத்தால் 1,100 வாளிக்கு மேல். சரி, தண்ணீர் தானாகவே வடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலச் சேறு தங்கினால் 100 கன அடி. ஈரச் சேறு கன அடிக்குச் சுமார் 50 கிலோ கனக்கும். ஆகவே ஐந்து டன்! கொத்தனார் பாண்டில் நடைக்கு இருபது கிலோ வீதம் சுமந்தால் 250 நடை. புதிதாக உதிர்ந்த உலர்ந்த பனியோ கன அடிக்கு மூன்று கிலோ இருந்தால் அதிகம். அதை அள்ளும்போதே மேல்நாட்டில் வயதானவர்களுக்கு மார்வலி வந்து விடுகிறதாம். அப்படியானால் நம் வீட்டுப் பெரியவர்கள் பாண்டைத் தூக்கலாமா என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது மோட்டார் வாங்க வேண்டும் என்பதுதான். நாங்களும் செங்குன்றம் கடைவீதிக்குப் போனோம். அரிசிக் கடைகளுக்கு நடுவே ஓர் இரும்புச் சாமான் கடை. மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு, நைலான் கயிறு, ரப்பர் குழாய், தார்ப்பாய், இவற்றுக்கெல்லாம் மேலே பரணில் சிவப்பும் நீலமுமாக மோட்டார்கள்.

"மழை வந்த மறுநாள் வந்து கேட்டா என்ன கேட்டாலும் இருக்காது, ஸார்" என்றார் கடைக்காரர். "சித்திரையில வந்து கேளுங்க, உட்காரவெச்சுக் காட்டறேன்."

அவர் காட்டியதிலிருந்து நான் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன். வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைக் கொண்டு வெள்ளத்தை இறைக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தெளிந்த நீருக்காகச் செய்தது. சேறும் மணலும் உள்ளே போனால் சுழலும் சக்கரம் தேய்ந்து அடைத்துக் கொள்ளும். நாளைக்குக் குடிக்கவும் தண்ணீர் ஏறாது. கலங்கல் நீரை இறைப்பதற்கென்றே தண்ணீருக்குள் மூழ்கியிருந்து வேலை செய்யும் மோட்டார் தனியாக இருக்கிறது. எந்த அளவு மண்ணும் குப்பையும் அதற்குள் போகலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஆனால் வெள்ளம் வந்தவுடன் அபாயத்தைத் தடுக்க மின்சாரத்தைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். மின்சாரமே இல்லாதபோது மின்சார மோட்டார் எதற்கு? மின்சாரம் வந்த பிறகோ, ஈரத் தரையில் கம்பியை இழுத்துக்கொண்டு நிற்பது யமனோடு சல்லாபம் செய்வதற்குச் சமானம். கசிவு ஏற்பட்ட கணத்தில் தானே துண்டித்து விடும் சாதனம் வீட்டில் பொருத்தியிராதவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

பெட்ரோல் எஞ்ஜின் ஒன்று உண்டு. இரண்டு அங்குலக் குழாய் கொண்டது. நிமிஷத்துக்கு 500 லிட்டர் அளவில் இறைக்கும் என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்குப்படி நண்பர் வீட்டு வாசல் 34 நிமிஷத்தில் காலி. குழாய் நீண்டால் வேகம் குறையும் என்பது வேறு. இதைத் தாழ்வாரத்திலோ அறையிலோ வைத்து ஓட்டலாகாது. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத விஷவாயு ஒன்று கலந்திருக்கிறது. கதவை அடைத்துக்கொண்டு ஓட்டியவர்கள் தூக்கத்திலேயே மாண்டு போனதுண்டு. இன்னொன்று: தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் வெள்ளம் புகுந்துவிட்டால், சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போதே அதை அடிவரையில் இறைத்து விடக் கூடாது. வெளியிலிருந்து அழுத்தும் நீருக்கு எதிர்ப்பு இல்லாமல் தொட்டி விரிசல் கண்டுவிடும். சில நாள் பொறுத்துத்தான் கழுவ வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு மோட்டாரைப் பற்றி நண்பரின் அபிப்பிராயத்தைக் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய தெருவில் 2023-ம் வருஷத்தில் நடந்த சங்கதியைச் சொன்னார்.

தெருக்கோடி வீட்டில் ஒருவர் மோட்டார் வைத்திருந்தார். தண்ணீரை இறைத்துத் தெருவில் விட்டார். அது நேரே எதிர்வீட்டு வாசலுக்குப் போயிற்று. எதிர்வீட்டுக்காரரும் சளைத்தவரல்ல, அவரிடமும் மோட்டார் இருந்தது. அவர் இறைத்த தண்ணீர் இவர் வாசலுக்கு வந்தது. இப்படி மூன்று மணி நேரம் ஒரே தண்ணீர் போவதும் வருவதுமாக இருந்ததாம்!

"அந்தத் தண்ணீருக்கு இரண்டு வீட்டு விலாசமும் மனப்பாடம் ஆகிவிட்டது, ஸார்" என்றார் நண்பர்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் மேலே சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டு வீட்டுக்கும் அடுத்தாற்போல் பள்ளத்தில் ஒரு சிறு வீடு. அதில் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்தும் ஓர் அம்மாள் இருக்கிறார். மோட்டார் இல்லை. தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்று நம்பித் தையல் யந்திரத்தைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி வைத்திருக்கிறார். இரண்டு மோட்டாரும் இறைத்ததில் மிச்சமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. யந்திரம் மூழ்கியது, தைப்பதற்கு வந்திருந்த பிறத்தியார் துணிகளும் நனைந்தன. பொங்கலுக்கு முந்திய மாதம், தையல்காரர்களுக்கு வருமானம் உள்ள மாதம், அந்த அம்மாளுக்குத் துணியைத் துவைத்துத் திருப்பிக் கொடுப்பதில் கழிந்தது.

இதற்குப் பிறகு தெருவார் கூடிப் பேசினார்கள். கொஞ்சம் சண்டையும் போட்டார்கள். முடிவில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு ஒரே ஒரு பெட்ரோல் எஞ்ஜினும், இருநூறு அடி நீளமுள்ள மடக்குக் குழாயும் வாங்கினார்கள். குழாயின் மறுமுனை எங்கே இருக்க வேண்டும் என்பதை, கால்வாயில் நீர்மட்டம் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எஞ்ஜினைக் கிளப்பலாம் என்பது ஏற்பாடு. மட்டம் உயர்ந்திருந்தால் எவ்வளவு இறைத்தாலும் பிரயோஜனமில்லை. எஞ்ஜின் சும்மா இருக்கும். எந்த வீட்டில் முதலில் இறைப்பது? பள்ளத்து வீட்டில்.

இதைக் கேட்டபோது எனக்கு ஸ்கார்பரோ ஞாபகம் வந்தது. கனடா தேசத்தில் டொரான்டோ நகரத்தைச் சேர்ந்த அந்தப் பகுதியில் யாழ்ப்பாணத்துத் தமிழரும் நம் பக்கத்துத் தமிழரும் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே இருக்கிறான். பனிக்காலத்தில் வேலைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலிருந்து ரஸ்தா வரையில் கார் போகும் வழியைத் தானே தள்ளிச் சுத்தம் செய்கிறானாம். முக்கால் மணி நேரம் தள்ளி முடித்துக் கையை உதறுகிற சமயத்தில், நகரசபையின் பனிக்கலப்பை ரஸ்தாவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவன் வாசலுக்குக் குறுக்கே வயல்வரப்புப்போல் ஒரு பனிவரப்பை விட்டுப் போகுமாம். ஆனாலும் அந்தப் பனியை அவன் திருப்பி ரஸ்தாவில் தள்ளக் கூடாது. அனுமதியில்லாமல் சாலையில் பனியைக் கொட்டுவது அந்த ராஜ்யத்துச் சட்டப்படி குற்றம். தன் புல்தரையில்தான் குவிக்க வேண்டும். புழல் தெருவார் சண்டை போட்டுக் கண்டுபிடித்ததை அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாணவன் எழுதிய இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "பனியைத் தூக்காதே, தள்ளு, உறையுமுன் தள்ளு" என்பது அங்கே பழைய குடித்தனக்காரர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமாம். தள்ளுவதற்கென்று அகலமான ஒரு தகடு. அதற்கு நீளமான பிடி. அள்ளுவதற்கு உள்ள கருவி வேறு. இதை நான் நண்பர் வீட்டுக் கூடத்தில் சொல்லிக் கொண்டிருந்தேன். மூலையில் அரிசி புடைத்துக் கொண்டிருந்த நண்பரின் தாயார் தலையை நிமிர்த்தினார்.

"இதுக்கா, தம்பி, அவ்வளவு தூரம் கடிதாசி போட்டுக் கேட்டே? கதவுக்குப் பின்னாலே பாரு."

பார்த்தேன். இரண்டரை அடி நீளமும் முக்கால் அடி அகலமுமாக ஒரு பலகை. நடுவில் நீண்ட கழி ஒன்றை முட்டுக் கொடுத்து அடித்திருந்தது. பலகையின் கீழ்விளிம்பில் பழைய டயர் ரப்பரை வெட்டி வரிசையாக ஆணி அறைந்திருந்தது. கழி எண்ணெய் பூசி வழவழவென்று இருந்தது.

செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தி, மேகம் கறுத்தால் மளமளவென்று ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிப்பதற்கு ஆலைக் களங்களில் நீண்ட பலகையைத்தான் உபயோகிப்பது வழக்கம். யந்திர உலர்த்திகள் வந்த பிறகு களங்கள் குறைந்துவிட்டன. அந்த அம்மாளின் தமையனார் அப்படிப்பட்ட ஒரு களத்தில் வேலை பார்த்தவர். நெல் தள்ளுகிற பலகை நாலடி இருக்கும். சேறு கனமாகையால் அதைக் குறுக்கி, சிமெண்டுத் தரையைப் பிறாண்டாமலிருக்க ரப்பரையும் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். 2015-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு செய்தது. 2023-ல் அதுதான் வீட்டைக் காப்பாற்றியது என்கிறார்கள்.

அதை உபயோகிக்கும் முறையை அம்மாள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக் கொண்டேன். ஸ்திரீகள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். புருஷர்கள் கத்தரித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தண்ணீர் முழுவதும் வடியட்டும், சேறு காயட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. தண்ணீர் கணுக்காலளவு இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். ஒருவர் தென்னந் துடைப்பத்தால் அடியைக் கலக்கிக்கொண்டே போக, பின்னால் மற்றொருவர் பலகையால் தள்ள வேண்டும். தண்ணீரே சேற்றைச் சுமந்துகொண்டு போகும். நமக்கு அந்த ஐந்து டன்னில் பெரும்பகுதி மிச்சம். கொல்லைப்புறத்திலிருந்து வாசலை நோக்கித் தள்ள வேண்டுமேயொழிய, வாசலிலிருந்து ஆரம்பித்தால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும். நுனிக்காலில் நின்று இழுக்கக் கூடாது. கழியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து தள்ள வேண்டும். முதுகுக்கு வேலையில்லை, காலுக்குத்தான் வேலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாற வேண்டும்.

கெட்டிச் சேற்றைத் தெருச் சாக்கடையின் வாயில் தள்ளிவிடக் கூடாது. கலங்கல் நீர் போகலாம், கட்டி போகலாகாது. போனால் அடுத்த மழைக்கு அந்த வாய் அடைபட்டு, தள்ளியதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். கட்டியைச் சுவரோரமாக ஒதுக்கி, பிறகு மண்வெட்டியால் வெட்டிப் பழைய சிமெண்டுச் சாக்கில் பாதியளவுக்கு நிரப்பி வைத்தால் நகரசபை லாரிக்காரர்கள் தூக்குவதற்குச் சௌகரியம். மண்வெட்டிக்கு இந்த ஓர் இடத்தில்தான் வேலை. அதை வைத்துக்கொண்டு தரை முழுவதும் வெட்டுகிறவர்கள் சேற்றோடு சிமெண்டையும் பெயர்த்து விடுகிறார்கள்.

அதே தெருவில், காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த ஒரு வீட்டில் கூலியாட்களை வைத்து நாலு நாள் வெட்டினார்களாம். நண்பர் வீட்டில் புதன்கிழமை விடியற்காலை தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நடுப்பகலுக்குள் தரை தெரிந்துவிட்டது. டிசம்பர் 17-ந் தேதி மார்கழி பிறந்தபோது அந்த வாசலில் கோலம் இருந்தது.

பலகையோடு சேர்ந்து இருக்க வேண்டிய மற்றச் சாமான்கள் அதிகமில்லை. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையுறையும் அவசியம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீர் காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே ஏறி எலிக்காய்ச்சலை உண்டாக்கும். ஏரிக்கரை ஊராகையால் பாம்பும் வரும். இருட்டில் இறங்கக் கூடாது. மழை எச்சரிக்கை கேட்டதும் மணல் மூட்டைகளை வாசற்படியில் அடுக்குகிறவர்கள், ஒன்றிரண்டு மூட்டையைக் கழிப்பிடத்துத் துவாரத்தின் மேலும் வைக்க வேண்டும். வாசலில் அணை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்து வணக்கம் சொல்லுகிறது. கடைசியில் தரையைக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர். கழுவுமுன் தூவினால் சேறு அதைத் தின்றுவிடும்.

பலகைக்கும் எல்லை உண்டு. அதே டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து எண்ணெய்க் கசடு தண்ணீரோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கரையோரத்துக் குப்பங்களில் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டிக் கொண்டது. யந்திரங்கள் வந்து சேருவதற்குள் மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டார்கள். இதைப் பலகையால் தள்ளினால் எண்ணெய் பரவத்தான் செய்யும். வாசலில் கொஞ்சம் படிந்திருந்தால் உமியோ மரத்தூளோ தூவி ஊறவைத்து வாரித் தனியாகக் கட்டி வைக்கலாம். அதற்கு மேல் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதை வெறுங்கையால் எடுக்கும்படி எவரையும் விடக் கூடாது. கசிய விட்டவர்கள்தான் வந்து எடுக்க வேண்டும்.

புழலிலிருந்து திரும்பும்போது மண்வெட்டியைப் பற்றி ஒரு நினைவு வந்தது. ஏரி வரத்துக்கால்களைத் தூர் வாரவும் கரையை அடைக்கவும் ஊரார் வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி என்று திரண்ட குடிமராமத்து வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. வெள்ளைக்காரச் சர்க்கார் அதை 1858-ல் ஒரு சட்டத்தில் புகுத்தி, வராதவர்களுக்குத் தண்டனையும் வைத்தார்கள். நாளடைவில் சட்டம் ஏட்டிலும் மண்வெட்டி பரணிலும் தங்கிவிட்டன. நண்பர் தெருவில் இப்போது ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, தெருக்கோடியிலுள்ள கால்வாய் வாயைச் சுத்தம் செய்கிறார்கள். தண்டனை கிடையாது, வராதவர் வீட்டில் எஞ்ஜின் கடைசியாக வரும் என்பது மாத்திரம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே எஞ்ஜினையும் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, பெட்ரோலை வடித்து வைத்து விடுகிறார்கள். தையற்கார அம்மாள்தான் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர்.

மறுநாள் ராயபுரத்தில் எங்கள் தெருத் தச்சரிடம் போய் ஒரு பலகைக்குச் சொன்னேன். நீளம், அகலம், ரப்பர் எல்லாம் விளக்கியான பிறகு, கழி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டார்.

"தள்ளுகிறவருடைய மார்பளவு" என்றேன், அந்த அம்மாள் சொன்னபடி.

"வீட்டில தள்ளப் போறது யாரு, ஸார்?"

தச்சர் அளவுகோலை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். என் மனைவி என்னைவிட அரையடி குட்டை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்கு எதிரே நிமிர்ந்து நின்றேன்.